ஒரே டெலஸ்கோப்: காலையில் அரிட்டாபட்டி வல்லூறு, ராத்திரியில் வியாழன். எதை வாங்கலாம்?

மேலூர்_டீச்சர்
5 ஜனவரி 2026, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கத்துக் கிராமத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமை திருவாதிரை அன்னிக்கு, களி வாங்க வந்த தெருப் பிள்ளைங்க "திருவாதிரை நட்சத்திரம்னா எது டீச்சர்?"னு கேட்டாங்க. முழுநிலாவுக்குக் கொஞ்சம் தள்ளி செவ்வரளி நிறத்துல நின்னதைக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் எல்லாரும் வாய் பேசலை. அப்புறம் ஒருத்தி, "கிட்டக்க பார்க்க முடியாதா?"ன்னா. அந்தக் கேள்விதான் என்னை இங்க கொண்டுவந்திருக்கு.

என் தேவையைச் சொல்லிடறேன். ராத்திரியில நிலா, வியாழன், சனி, முடிஞ்சா கார்த்திகை மாதிரி நட்சத்திரக் கூட்டங்கள். பகல்ல எங்க பசுமைப்படைப் பிள்ளைங்களை அரிட்டாபட்டிக்குக் கூட்டிட்டுப் போவேன். அங்க பாறையில உட்கார்ற வல்லூறுகளைப் பயமுறுத்தாம தூரத்துல இருந்தே காட்டணும். ஸ்கூட்டியில முன்னாடி கால் வைக்கிற இடத்துல வச்சு, ஒருத்தியா தூக்கிட்டுப் போற அளவுல இருக்கணும். கையில 20,000 ரூபாய் இருக்கு. அதுக்கு மேல முடியாது.

கடை விளம்பரத்துல 525 மடங்கு பெரிசாக் காட்டும்னு போட்டிருக்கு. அதை வாங்கலாமா?

நாகமலை_ராத்திரி
5 ஜனவரி, இரவு 10:25

டீச்சர், அந்த 525-ஐ இப்பவே மறந்துடுங்க. எந்தக் கருவியிலயும் மடங்குங்கிறது ஒரு வகுத்தல் கணக்குதான். குழாயோட குவியத்தூரத்தை (லென்ஸ்ல இருந்து வெளிச்சம் ஒண்ணுசேர்ற இடம் வரைக்குமான தூரம்) ஐபீஸோட, அதாவது கண்ணை வைக்கிற சின்ன லென்ஸோட, குவியத்தூரத்தால வகுக்கணும். 400 மி.மீ. குழாய்ல 10 மி.மீ. ஐபீஸ் போட்டா 40 மடங்கு. மட்டமான ஐபீஸையும் மடங்கைக் கூட்டற பார்லோ லென்ஸையும் அடுக்கினா எந்த எண்ணை வேணும்னாலும் பெட்டி மேல அச்சடிக்கலாம். ஆனா முன் லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை அள்ளுதோ அதுக்குத் தக்கபடிதான் பிம்பம் தாங்கும். லென்ஸோட விட்டத்தை மி.மீ.ல எடுத்து இரட்டிப்பாக்குங்க, அதுதான் உச்சம். 60 மி.மீ. கருவின்னா 120 மடங்கு, அதுவும் காத்து அசையாத ராத்திரியில. அதைத் தாண்டினா நிலா பாலாடை மாதிரி மங்கலாகிரும்.

கலிலியோ 1610 ஜனவரியில வியாழனோட நாலு நிலாக்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்குல. உங்க பிள்ளைங்களுக்கும் முதல் வருஷம் அதுவே தாராளம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது முன் லென்ஸோட விட்டம். ரெண்டாவது, அதைவிட முக்கியமா, அது எதுமேல நிக்குதுங்கிறது. அதைப் பத்தி நாளைக்கு விரிவா எழுதறேன்.

டாப்சோனியன்_தம்பி
5 ஜனவரி, இரவு 11:02

டீச்சர், நான் கப்பலூர் பக்கம் பாலிடெக்னிக் படிக்கிறேன். என் ஓட்டு மேசைமேல வைக்கிற 130 மி.மீ. டாப்சோனியனுக்கு, அதாவது லென்ஸுக்குப் பதிலா குழிக்கண்ணாடி வச்ச டெலஸ்கோப்புக்கு. ஸ்கை-வாட்சர் ஹெரிட்டேஜ் 130 மாதிரி. 650 மி.மீ. குவியத்தூரம், குழாய் பாதியா உள்ள மடங்கும். 130 மி.மீ. கண்ணாடி 70 மி.மீ. லென்ஸைவிட மூணரை மடங்கு வெளிச்சம் வாங்கும். ஓரியன் நெபுலாவை அதுல பார்த்துட்டு வேற எதுலயும் பார்க்க மனசு வராது.

மேலூர்_டீச்சர்
6 ஜனவரி, காலை 6:15

தம்பி, ரொம்ப நன்றி. எடை எவ்வளவு? பகல்ல பறவை தெரியுமா?

டாப்சோனியன்_தம்பி
6 ஜனவரி, காலை 8:30

6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பகல்ல தெரியும், ஆனா தலைகீழாத் தெரியும் டீச்சர். உறுதியான ஸ்டூல் ஒண்ணும் கூடவே வேணும். ஸ்கூட்டியையும் வல்லூறையும் கணக்குல எடுக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. ராத்திரிக்கு மட்டும்னா இப்பவும் அதைத்தான் சொல்வேன்.

கண்மாய்க்கரை
6 ஜனவரி, காலை 9:10

டீச்சரம்மா, நான் பன்னிரண்டு வருஷமா சாமநத்தம் கண்மாய், வண்டியூர் கண்மாய்னு பறவை பார்த்துட்டு இருக்கிறவ. அரிட்டாபட்டிக்கும் அடிக்கடி வருவேன். 2022-ல அரசு அதைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சதுக்கு லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு இந்த மூணும் முக்கியமான காரணம். அந்த ஊர்ப் பிள்ளைங்க அதுகளைக் கண்ணாரப் பார்க்கணும்னு நீங்க நினைக்கிறதே எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

பகல் பார்வையில நட்சத்திரம் பார்க்கிறவங்க மறந்துடற சங்கதி ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல எதிரி லென்ஸ் இல்லை, கானல்தான். காலை ஒன்பது மணிக்கு மேல பாறை காய ஆரம்பிச்சா, 40 மடங்குக்கு மேல வச்சுப் பார்க்கிற பறவை தண்ணிக்குள்ள ஆடற மாதிரி ஆடும். ஒரு லட்சம் ரூபாய்க் கருவியா இருந்தாலும் அப்படித்தான். அதனால பகலுக்கு 15-ல இருந்து 30 மடங்குதான் உங்க வரம்பு. வெள்ளென போயிடணும், ஆறரைக்கெல்லாம் கருவி நின்னுடணும். ஒன்பதுக்கு மூட்டை கட்டிடலாம்.

இன்னொண்ணு, முதல்ல ஒரு 8x42 இல்லைன்னா 10x50 பைனாகுலர் வாங்குங்கன்னு சொல்லத் தோணுது. பறக்கிற பறவையை டெலஸ்கோப்ல துரத்தவே முடியாது. உட்கார்ந்திருக்கிறதுக்குத்தான் அது. 10x50 வச்சு மொட்டைமாடியில மல்லாந்து படுத்துக்கிட்டு கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தாலே கண்ணு குளிர்ந்துரும்.

பகலே முக்கியம்னா 65 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப், பறவை பார்க்கிறதுக்குன்னே செய்யற சின்ன டெலஸ்கோப். பிம்பம் நேராத் தெரியும், மழைத் தூறல் பட்டாலும் பயமில்லை, 20-60 ஜூம் அதிலேயே இருக்கும்.

சிறுமலை_வாசல்
6 ஜனவரி, மதியம் 1:45

ரெண்டுக்கும் ஒண்ணுன்னா மக்சுடோவ் வகை டெலஸ்கோப்தான்னு நான் நினைக்கிறேன். என்கிட்ட 90 மி.மீ. இருக்கு. குவியத்தூரம் 1250 மி.மீ. ஆனா உள்ள கண்ணாடி வச்சு வெளிச்சத்தை மடக்கிடறதால குழாய் ஒரு அடி நீளம்தான், எடை ரெண்டு கிலோ சுத்தி. தோள்பையில போட்டுக்கிட்டு திண்டுக்கல்ல பஸ் ஏறி மலைக்குப் போயிடுவேன். நிலாவும் வியாழனும் அதுல பேனாவால வரைஞ்ச மாதிரி இருக்கும், ஓரத்துல ஊதா நிறம் கசியாது. 45 பாகை நேர்பிம்பப் பிரிசம் போட்டா பகலுக்கும் ஆச்சு.

நாகமலை_ராத்திரி
6 ஜனவரி, இரவு 9:50

சிறுமலை அண்ணே சொல்றது சரி. நான் அவர் கருவியிலயே பார்த்திருக்கேன், நிலா அருமையா இருக்கும். ஆனா டீச்சருக்கு அது பொருந்துமாங்கிறதுல எனக்குச் சந்தேகம்.

மக்சுடோவ்ல 32 மி.மீ. ஐபீஸ் போட்டாலும் 39 மடங்கு. அதுக்குக் கீழே இறங்கறது கஷ்டம். கண்மாய்க்கரை அக்கா சொன்ன 15-30 மடங்கு வரம்புக்கு அது வெளியே நிக்குது. பார்வைப்புலமும், அதாவது ஒரே பார்வையில தெரியற வான அகலமும், ஒண்ணே கால் பாகைதான், அதாவது ரெண்டு முழுநிலா அகலத்துக்குக் கொஞ்சம் மேல. கார்த்திகைக் கூட்டம் முழுசா அடங்காது. பழகினவங்களுக்குப் பரவாயில்லை. நாற்பது பிள்ளைங்க வரிசையில நிக்கும்போது, ஒரு பையன் தெரியாம குழாயைத் தட்டிட்டா மறுபடி தேடிப் பிடிக்கிறதுக்குள்ள வரிசை கலைஞ்சுரும்.

80 மி.மீ. லென்ஸ், 400 மி.மீ. குவியத்தூரக் குட்டைக் குழாயை யோசிங்க. 25 மி.மீ. ஐபீஸ் போட்டா 16 மடங்கு, புலம் மூணு பாகைக்கு மேல. பகல்ல பாறை மொத்தமும் தெரியும், பறவை எங்கன்னு கண்டுபிடிச்சு 10 மி.மீ. மாத்தினா 40 மடங்கு. அதுல குறையும் இருக்கு. நிலா ஓரத்துலயும் வியாழனைச் சுத்தியும் ஊதா நிறம் லேசா படரும். நாலஞ்சு நாள்ல பழகிடும்.

முக்கியமான விஷயத்துக்கு வரேன். மதுரை இருக்கிறது வடக்கே 10 பாகை அட்சரேகையில. வடக்கத்திக்காரங்களும் வெளிநாட்டுக்காரங்களும் எழுதற அறிவுரை நமக்கு அப்படியே ஒத்துவராததுக்கு இதுதான் காரணம். கிரகங்கள் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலயே போகும். இந்த மாசம் வியாழன் மிதுனத்துல இருக்கு, நடுராத்திரி வாக்குல 78 பாகை உயரத்துல நிக்கும். 45 பாகைப் பிரிசம் போட்டு அதைப் பார்க்கணும்னா கருவிக்குக் கீழே குனிஞ்சு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கணும். கழுத்து ஒடிஞ்சுரும். நேரா பார்க்கிற ஸ்பாட்டிங் ஸ்கோப்னா அதைவிட மோசம். அதனால பகலுக்கு 45 பாகை நேர்பிம்பப் பிரிசம், ராத்திரிக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டுல திருப்பற 90 பாகைக் கண்ணாடி டயகனல்னு ரெண்டும் மாத்திப் போடற மாதிரி ஒண்ணேகால் அங்குலப் பொருத்து உள்ள கருவியாப் பாருங்க. 90 பாகையில பிம்பம் நிமிர்ந்திருக்கும், இடம் வலம் மட்டும் மாறும். நிலாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பழைய_லென்ஸ்
7 ஜனவரி, காலை 5:30

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நாற்பது வருஷம் கேமரா, பைனாகுலர் பழுது பார்த்தவன். இப்ப ஓய்வு. என் பட்டறைக்கு டெலஸ்கோப் கொண்டுவந்தவங்கள்ல பத்துக்கு ஏழு பேர், "லென்ஸ் சரியில்லைங்க, படம் நடுங்குது"ம்பாங்க. லென்ஸ்ல குறையே இருக்காது. தாங்கிதான் கோளாறு. கருவியோட இலவசமா வர்ற, விரல் தடிமன் காலு வச்ச டிரைபாட் காத்து அடிச்சாலே ஆடும். ஃபோகஸ் திருகைத் தொட்டா ஆடும். பிள்ளைங்க கிட்ட வந்து மூச்சு விட்டாலே ஆடும்.

ஒரு சோதனை சொல்றேன். 40 மடங்கு வச்சு தூரத்து மின்கம்பத்துப் பீங்கானைப் பாருங்க. குழாயை விரலால மெதுவா ஒரு தட்டு. மூணு எண்றதுக்குள்ள படம் நின்னா நல்ல தாங்கி. அஞ்சு ஆறுன்னு போனா அதை வாங்காதீங்க, குழாய் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி.

உங்க இருபதாயிரத்துல பாதியை டிரைபாடுக்கும் அதுமேல கருவியைப் பிடிக்கிற தலைக்கும் ஒதுக்குங்க. மனசு வராதுதான். குழாய் பின்னால பெரிசா மாத்திக்கலாம், நல்ல டிரைபாட் ஆயுசுக்கும் வரும். நடுத்தண்டை ஏத்தாம காலை மட்டும் நீட்டுங்க. நடுவுல கொக்கி இருந்தா ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டைப் பையில போட்டுத் தொங்கவிடுங்க.

யாராவது ஈக்குவட்டோரியல் மௌன்ட் வாங்கச் சொன்னா வேணாம்னுடுங்க. அதோட அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சாய்க்கணும். துருவம் நமக்கு அடிவானத்துல இருந்து 10 பாகைதான், பாதி ஊர்ல தென்னை மரத்துக்குப் பின்னாடி போயிடும். அந்த அளவுக்குப் படுக்க வச்சா சின்ன மௌன்டுகள்ல எதிர்எடை டிரைபாட் கால்ல இடிக்கும். மேலகீழ, இடவலம் திரும்பற சாதாரணத் தலைதான் நமக்குச் சரி.

மேலூர்_டீச்சர்
7 ஜனவரி, இரவு 8:20

ஐயா, இதைப் படிச்சதும் பயமே வந்துருச்சு, நல்ல பயம். எங்க ஸ்கூல்ல பழைய கருவி ஒண்ணு பீரோவுல கிடக்கு. ஆடுதுன்னு யாரும் எடுக்கிறதில்லை. இப்பதான் காரணம் புரியுது.

அந்தப் பெட்டியில "சன்"னு எழுதின கறுப்பு வில்லை ஒண்ணு இருக்கு. ஐபீஸ்ல திருகற மாதிரி. அதை வச்சு பிள்ளைங்களுக்குச் சூரியனைக் காட்டலாமா?

நாகமலை_ராத்திரி
7 ஜனவரி, இரவு 8:26

கூடவே கூடாது டீச்சர். இன்னிக்கே அதை உடைச்சுக் குப்பையில போட்டுடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க, யாராவது எடுத்துப் போட்டுப் பார்த்துடுவாங்க.

லென்ஸ் மொத்த வெயிலையும் குவிச்சு அந்தச் சின்னக் கறுப்பு வில்லை மேல கொட்டும். சூட்டுல அது வெடிக்கும். வெடிச்ச அந்த நொடியில கண்ணு அங்கேயே இருக்கும். விழித்திரை வெந்துபோனா வலிக்காது, அதனால பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. திரும்பக் கிடைக்கவும் கிடைக்காது.

சூரியனுக்கு ஒரே பாதுகாப்பான வழி, குழாயோட முன்வாய் முழுசையும் மூடற வடிகட்டி. அதுக்குன்னே செய்யற படலத்தாள் இருக்கு. வெயில் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே லட்சத்துல ஒரு பங்கா குறைச்சிடும். காத்துல கழண்டுவராதபடி டேப் ஒட்டணும், ஓட்டை இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். குறிபார்க்க மேல மாட்டியிருக்கிற ஃபைண்டரையும் கழட்டிடணும், அதுவும் ஒரு குட்டி டெலஸ்கோப்தான். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்துக்குத் திண்டுக்கல் பக்கம் போயிருந்தோம். முன்வாய் வடிகட்டியோட ஒரே கருவியில ஊர்க்காரங்க வரிசையா வந்து பார்த்தாங்க. ஒரு ஆள் கருவியை விட்டு நகரவே இல்லை, காவலுக்குன்னே. பிள்ளைங்க இருக்கிற இடத்துல அப்படித்தான் செய்யணும்.

பகல்ல வல்லூறு பார்க்கும்போதும் இதே கவனம் வேணும். சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்க. பாதியில எழுந்து போனா முன்மூடியைப் போட்டுட்டுப் போங்க.

சிறுமலை_வாசல்
7 ஜனவரி, இரவு 9:15

சூரியன்னதும் ஒண்ணு சொல்லத் தோணுது. பிள்ளைங்களை ஒருநாள் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். 1899-ல தொடங்கினது. தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம், சூரியன்ல நடக்கிற மாற்றத்துக்கும் நம்ம மழைக்கும் தொடர்பு உண்டான்னு தெரிஞ்சுக்க எழுந்த யோசனைதான் அதோட வேர். 1909-ல ஜான் எவர்ஷெட் அங்கதான் சூரியப் புள்ளிகள்ல வாயு நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சார். எவர்ஷெட் விளைவுன்னு அவர் பேர்லயே இன்னிக்கும் பாடப்புத்தகத்துல இருக்கு. அரப்பாளையத்துல பஸ் ஏறினா சேர்ற ஊர்ல நடந்தது இது. நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

கண்மாய்க்கரை
8 ஜனவரி, காலை 7:00

பேசிட்டே இருந்தா முடிவாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில நான் அரிட்டாபட்டிக்கு வர்றேன், ஸ்பாட்டிங் ஸ்கோப்போட. சிறுமலை அண்ணன் மக்சுடோவ் கொண்டுவாங்க. நாகமலை சார் 80 மி.மீ. கொண்டுவாங்க. டீச்சர் மூணுலயும் கண்ணு வச்சுப் பார்க்கட்டும்.

நாகமலை_ராத்திரி
8 ஜனவரி, காலை 7:12

வர்றேன் அக்கா.

மேலூர்_டீச்சர்
11 ஜனவரி, இரவு 9:30

இன்னிக்கு நடந்ததை எழுதிடறேன், பின்னால தேடி வர்றவங்களுக்கு உதவும்.

ஆறரைக்குக் குடைவரைக் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் வரப்புல மூணையும் நிறுத்தினாங்க. பனி இருந்துச்சு. ஏழு மணிக்குப் பாறை விளிம்புல ஷாஹீன் வல்லூறு ஒண்ணு வந்து உட்கார்ந்துச்சு. ஸ்பாட்டிங் ஸ்கோப்ல 25 மடங்குல அதோட நெஞ்சுச் செம்மண் நிறமும் கண்ணைச் சுத்தின மஞ்சள் வளையமும் பார்த்தேன். மூணுலயும் அதுதான் பளிச்சுனு இருந்தது, உள்ளதைச் சொல்றேன். மக்சுடோவ்ல பறவை முகம் பெரிசாத் தெரிஞ்சது, ஆனா அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள ஒருதரம் பறந்துபோய்த் திரும்பி வந்துருச்சு. 80 மி.மீ.ல 16 மடங்குல பாறை மொத்தமும் தெரிஞ்சது, பறவையை நானே பிடிச்சேன், யார் உதவியும் இல்லாம. என்கூட வந்த ஏழாம் வகுப்புப் பொண்ணும் அரை நிமிஷத்துல பிடிச்சுட்டா. 40 மடங்குக்கு மாத்தினப்போ றெக்கை ஓரத்துல மெல்லிசா ஊதாக் கோடு தெரிஞ்சது. அவளுக்கு அது கண்ணுலயே படலை.

எட்டே முக்காலுக்கு அக்கா சொன்னபடியே எல்லாம் ஆட ஆரம்பிச்சது. மூணுலயும் ஒரே மாதிரி ஆடுச்சு.

சாயங்காலம் நாகமலை சார் வீட்டு மொட்டைமாடி. மேற்கே சனி. வளையம் கம்பி மாதிரி மெல்லிசா, குறுக்கே ஊசி குத்தின மாதிரி. போன வருஷம் மார்ச்சுல வளையம் விளிம்பு காட்டி நின்னதாம், இனி வருஷா வருஷம் விரிஞ்சு 2032 வாக்குல முழுசா அகலும்னு சார் சொன்னார். வியாழன் மக்சுடோவ்லதான் அழகு. ரெண்டு பட்டையும் கத்தி மாதிரி தெரிஞ்சது. 80-ல பட்டை தெரிஞ்சது, ஆனா மங்கலா. ஸ்பாட்டிங் ஸ்கோப்ல வியாழனைப் பார்க்கறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கிச்சு, அது உண்மை. கார்த்திகைக் கூட்டத்தை 80-ல பார்த்தப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நீலமா அத்தனையும் ஒரே வட்டத்துக்குள்ள இருந்துச்சு.

80 மி.மீ.தான்னு முடிவு பண்ணிட்டேன்.

சிறுமலை_வாசல்
11 ஜனவரி, இரவு 10:05

நல்ல முடிவு டீச்சர். நான் என் கருவியை விடமாட்டேன், ஆனா அந்தப் பொண்ணு அரை நிமிஷத்துல பிடிச்சதைப் பார்த்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பழைய_லென்ஸ்
12 ஜனவரி, காலை 5:45

அம்மா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட 80/400 குழாய் ஒண்ணு சும்மா இருக்கு. குழாய் ரெண்டு கிலோவுக்குள்ள, ஒன்றரை அடி. பழைய கருவி வாங்கறவங்க எல்லாருக்குமே சொல்றேன், லென்ஸை மேலோட்டமாப் பார்த்து ஏமாறாதீங்க. இருட்டு அறையில டார்ச்சை ஒருபக்கம் அடிச்சு மறுபக்கத்துல இருந்து சாய்ச்சுப் பாருங்க. தூசி புள்ளி புள்ளியாத் தெரியும், அது ஒண்ணும் பண்ணாது. சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தா பூஞ்சை. கோட்டிங்கை அரிச்சிருந்தா துடைச்சாலும் போகாது.

வாங்கின பிறகு தோல் உறையில மட்டும் வைக்காதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நானே ஒரு ஐப்பசி அடைமழையில என் சொந்த பைனாகுலரை உறையோட பீரோவுல மறந்து வச்சு இழந்தேன். தொழில்காரனா இருந்தும் அந்தத் தப்பைச் செஞ்சேன், இன்னிக்கும் மனசு ஆறலை. காத்து புகாத பெரிய அரிசி டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினா வறுத்துத் திரும்பப் போட்டுக்கலாம். ஏசி அறையில இருந்து நேரா மாடிக்குக் கொண்டுபோனா லென்ஸ் வியர்க்கும், அப்பத் துடைக்காதீங்க, தானா ஆறட்டும்.

மேலூர்_டீச்சர்
19 ஜனவரி, இரவு 7:50

குழாய் வந்துருச்சு ஐயா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ரெண்டு தூசிப் புள்ளிதான். டிரைபாட் கனமானதா வாங்கியாச்சு. குழாய்க்கு ஆனதைவிட அதுக்குக் கூட ஆச்சு. வீட்டுக்காரர் கணக்கைப் பார்த்துட்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். மின்கம்பத்துப் பீங்கான் சோதனையை அவரையே செய்யச் சொன்னேன். ரெண்டு எண்றதுக்குள்ள நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை.

ஒரு சங்கடம். மாடியில பகல்ல வச்சு ஃபோகஸ் பழகிட்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா, "எங்க வீட்டைப் பார்க்கிறியா?"ன்னு கோபமாக் கேட்டுட்டாங்க. கூப்பிட்டு ஆனைமலை உச்சியைக் காட்டினேன். சமாதானமாயிட்டாங்க, ஆனா எனக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு.

கண்மாய்க்கரை
19 ஜனவரி, இரவு 8:30

அவங்க கேட்டது நியாயம்தான் டீச்சரம்மா. வீடுகள் இருக்கிற பக்கம் பகல்ல குழாயைத் திருப்பவே கூடாது, மலையோ கண்மாயோ உள்ள பக்கமா மட்டும் வைங்க. முதல்நாளே அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டிட்டா அப்புறம் அவங்களே காவல் இருப்பாங்க. கூடு வைக்கிற மாசங்கள்ல அரிட்டாபட்டியிலயும் இப்ப நின்ன வரப்பைத் தாண்டாதீங்க. கிட்டப் போகாம பார்க்கத்தானே இதை வாங்கினோம்.

மேலூர்_டீச்சர்
25 ஜனவரி, காலை 11:20

நேத்து சாயங்காலம் ஊர் மந்தையில வச்சோம். வளர்பிறை சஷ்டி. நாகமலை சார் முன்னமே சொல்லியிருந்தார், பௌர்ணமியில நிலாவைப் பார்க்காதே, நிழல் விழாது, சஷ்டி சப்தமி அஷ்டமியில பாருன்னு. வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல தியோஃபிலஸ், சிரில்லஸ், கேதரினா மூணு பள்ளமும் சங்கிலி மாதிரி நின்னுச்சு. நடுவுல மலை, அந்த மலைக்கு நிழல். "அங்க இப்ப விடியுது"ன்னு சொன்னேன். மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன், "அப்ப அங்க சேவல் கூவுமா?"ன்னு கேட்டான். காத்தே இல்லைன்னா சத்தமும் இல்லைன்னு அங்கேயே ஒரு பாடம் நடந்துச்சு.

எழுபத்தெட்டு பேர் பார்த்தாங்க. எண்ணினது எட்டாம் வகுப்பு லீடர். 40 மடங்கு போதுமா இருந்தது. டிரைபாட் காலைச் சுத்திக் கோலமாவுல வட்டம் போட்டு, அதுக்குள்ள பார்க்கிற ஆளைத் தவிர யாரும் வரக்கூடாதுன்னு வச்சதால ஒருதரம்கூடக் குழாய் இடம் மாறலை. வயசானவங்களுக்கு நாற்காலி போட்டு, அந்த உயரத்துக்கு டிரைபாடை இறக்கினோம். 90 பாகை டயகனல் இல்லைன்னா அது நடந்திருக்காது. எதிர்வீட்டம்மா வரிசையில ரெண்டு தடவை வந்தாங்க.

நாகமலை சார், கேள்வி ஒண்ணு. வியாழனை இன்னும் கொஞ்சம் பெரிசாக் காட்டணும். 5 மி.மீ. ஐபீஸ் வாங்கவா, ரெண்டு மடங்கு பார்லோ வாங்கவா?

நாகமலை_ராத்திரி
25 ஜனவரி, பகல் 12:40

படிச்சுட்டு வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன் டீச்சர்.

ரெண்டுலயும் 80 மடங்குதான் வரும். பார்லோ வாங்கினா 25 மி.மீ. ஐபீஸும் பாதியான மாதிரி ஆகும், 32 மடங்கு ஒண்ணு கூடுதலாக் கிடைக்கும், அரிட்டாபட்டிக்கு அது ரொம்பத் தோது. கண்ணாடி போடறவங்களுக்கும் பார்லோதான் வசதி, குட்டி ஐபீஸ்ல கண்ணை ஒட்டி வைக்கணும். அதனால பார்லோ. ஆனா ஃபோகஸ் ஆகுதான்னு உங்க டயகனலோட வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. 80 மடங்குக்கு மேல இந்தக் குழாயை இழுக்காதீங்க, ஊதா கூடிரும். மாடியில வைக்காம மண்தரையில வைங்க, பகல் சூட்டைத் தளம் ராத்திரி பத்து வரைக்கும் கக்கிட்டே இருக்கும், அதுலயே பாதிப் படம் கெட்டுரும்.

மேலூர்_டீச்சர்
25 ஜனவரி, மதியம் 1:05

சரிங்க சார், பார்லோ. பிப்ரவரி 15 மகா சிவராத்திரி. எங்க ஊர்க்காரங்க எல்லாம் குலசாமி கோயிலுக்குப் போய் விடிய விடிய முழிச்சிருப்பாங்க. கோயில் காட்டுக்குள்ள, தெருவிளக்கே கிடையாது. அன்னிக்கு என்ன காட்டலாம்?

நாகமலை_ராத்திரி
25 ஜனவரி, மதியம் 1:30

அதைவிட நல்ல ராத்திரி இந்த வருஷம் கிடைக்காது டீச்சர். அமாவாசைக்கு முந்தின தேய்பிறை, நிலா விடியற நேரத்துலதான் எழும். முன்னிரவுல உச்சியில ஓரியன், திருவாதிரைக்குக் கொஞ்சம் தெற்கே வாள் மாதிரித் தொங்கற மூணு புள்ளியில நடுப்புள்ளிதான் நெபுலா. 16 மடங்கு போதும்.

நாலு மணிக்கு எல்லாரையும் எழுப்புங்க. அப்ப வடக்கே பாதி வானத்துல வசிஷ்டரும் அருந்ததியும் நிக்கும். கல்யாணத்துல அம்மி மிதிச்சுப் பார்க்கச் சொல்ற அதே ஜோடி. 40 மடங்கு வைங்க, வசிஷ்டர் மட்டுமே ரெண்டாப் பிரிஞ்சு தெரியும். அதே நேரம் குழாயை நேர் தெற்கே திருப்பி 33 பாகை உயரத்துக்கு இறக்குங்க. பஞ்சுப் பொதி மாதிரி ஒண்ணு மங்கலாத் தெரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரத்துல. லண்டன்ல இருக்கிறவனுக்கு அது அடிவானத்துக்கு மேல வரவே வராது.

டாப்சோனியன்_தம்பி
25 ஜனவரி, மதியம் 1:42

டீச்சர், நானும் வரலாமா? 130-ஐ பஸ்ல கொண்டுவந்துடறேன். ஸ்டூல் மட்டும் உங்க ஊர்ல கிடைச்சாப் போதும்.

மேலூர்_டீச்சர்
25 ஜனவரி, மதியம் 1:50

வா தம்பி. ஸ்டூல் இருக்கு, பொங்கச்சோறும் இருக்கு. மேலூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டுச் சொல்லு, வீட்டுக்காரரை அனுப்பறேன்.